பீரங்கியும் கொழுந்தும்

கல்லூரி விழா மலருக்குக் கட்டுரை எழுதப் புகும் பழைய மாணவர், தாம் பயின்ற காலத்து ஆசிரியர் பெருமையையோ, விளையாட்டரங்கின் வெற்றிகளையோ, விடுதி வாழ்க்கையின் குறும்புகளையோ எடுத்துரைத்தல் மரபு. அம்மரபு நன்றே. எனினும், கல்லூரியிற் பெற்ற கல்வி வெளியுலகில் எவ்வாறு பயன்பட்டது என்று கணக்குக் காட்டுதலும் பழைய மாணவர் கடன் அன்றோ? நம் கல்லூரி ஆய்வுகூடத்திலே யாம் கற்ற பாடங்களுள் ஒன்று மின்னும் காந்தமும் பற்றியது. அதனை 1992 முதல் 2015 வரை, இருபத்துமூன்று ஆண்டுகள், அட்டனுக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றில் தோட்டத்து மாணவர்க்குக் கற்பித்தோம். அப்பாடத்தை விளக்கப் பீரங்கி ஒன்று எமக்குத் துணையாயிற்று. அப்பீரங்கி பற்றியே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

பீரங்கி என்றவுடன் வாசகர் அஞ்சவேண்டா. இது விஞ்ஞானக் கற்பனைக் கதைகளிலும், திரைப்படங்களிலும், இளைஞர் விரும்பும் கணினி விளையாட்டுக்களிலும் வரும் மின்காந்தப் பீரங்கி. எட்டுச் சில்லுகள் பூண்ட கவச வண்டி ஒன்று அயற்கோள் ஒன்றின் செம்மண்ணில் உருண்டு செல்லும். அதன் முதுகில் நீண்டதொரு குழல் இருக்கும். வெடிமருந்து இல்லை, புகை இல்லை. விசையை அழுத்தியவுடன் நீலவொளி ஒன்று மின்னும். மலைக்கப்பாலுள்ள பகைவர் கோட்டை தூளாகும். அடுத்த கணமே அவ்வண்டி மறுபடியும் சுடும். ஆற்றல் எங்கிருந்து வந்ததென்று கதையாசிரியர் கூறுவதில்லை, கேட்போரும் அரியர். இக்காட்சியை அறியாத முதியோர் தம் பேரப்பிள்ளைகளைக் கேட்டறிவாராக.

இக்கற்பனைக்கு வேராயுள்ள உண்மை கற்பனையன்று. 1820ஆம் ஆண்டிலே கொப்பன்ஹேகன் நகரில் ஏர்ஸ்டெட் என்னும் பேராசிரியர் விரிவுரை ஆற்றுகையில், மின் பாயும் கம்பியருகே வைத்த திசையறி ஊசி அசைதலைக் கண்டார். மாணவர் முன்னிலையில் வெளிப்பட்ட பேருண்மையாதலின், ஆசிரியத் தொழில் பூண்ட எம்போல்வார்க்கு இந்நிகழ்ச்சியில் தனிப்பற்று உண்டு. அடுத்த ஆண்டிலே பரடே, மின் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு செய்து காட்டினார். நம் கல்லூரியில் எம் பௌதிகவியல் ஆசான், "இடக்கையை நீட்டுக" என்று ஆணையிட, வகுப்பு முழுவதும் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக விரித்து நின்ற காட்சி இன்றும் எம் கண்முன் உளது. சுட்டுவிரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம், பெருவிரல் விசை. மின்விசிறி சுழல்வதும், நீரிறைக்கும் பொறி இயங்குவதும் அம்மூன்று விரல்களின் ஆணைப்படியே.

மின்காந்தப் பீரங்கியும் அவ்விரல்களுக்கு அடங்கியதே. அதில் இரு வகை உண்டு. ஒன்று தண்டவாளப் பீரங்கி. இரண்டு உலோகத் தண்டவாளங்களை அருகருகே நிறுத்தி, இடையே பாலம் போல ஓர் உலோகத் துண்டை வைப்பர். மின் ஒரு தண்டவாளம் வழியே சென்று, துண்டைக் கடந்து, மற்றதன் வழியே மீளும். தண்டவாளங்களைச் சூழ்ந்தெழும் காந்தப்புலம் இடைத்துண்டை முன்னோக்கித் தள்ளும். மின்னோட்டத்தை இருமடங்காக்கினால் விசை நான்மடங்காகும். மற்றையது சுருட் பீரங்கி. கம்பிச் சுருள்கள் பலவற்றை வரிசையாக வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக மின் பாய்ச்சினால், இரும்புத் துண்டு சுருளுக்குச் சுருள் இழுக்கப்பட்டு வேகம் பெற்று வெளியேறும்.

2011ஆம் ஆண்டிலே உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தன் பயிற்சிப் புத்தகத்தின் பின்னட்டையில் வரைந்திருந்த படம் எம் கண்ணிற்பட்டது. தோட்டத்துக் கொழுந்து லொறி ஒன்று. அதன்மேல் கொழுந்துச் சாக்குகளுக்குப் பதிலாக மின்காந்தப் பீரங்கி. லொறியின் இலக்கத் தகட்டையும், பின்புறத்தில் தொங்கும் கொழுக்கிகளையும் கூட அவன் மறக்கவில்லை. நகரத்துக் கடையொன்றிற் கணினி விளையாட்டிலே அவன் அதனைக் கண்டிருந்தான். "சேர், இது நெசமாவே இருக்குங்களா? நம்ம கொழுந்து லொறியில பூட்ட முடியுங்களா?" என்று வினவினான்.

பீரங்கி என்னும் சொல்லை நூலில் மட்டும் கண்டறிந்தவரல்லோம் யாம். யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறை, எறிகணை புறப்படும் ஓசையைக் கேட்டு அது விழும் திசையை உய்த்துணரக் கற்றது. பாடப்புத்தகத்தைக் கையில் ஏந்தியவாறே பதுங்குகுழியில் இறங்கக் கற்றது. ஒலியின் வேகத்தை யாம் கற்ற விதமும் ஓரளவு அதுவே. ஆதலின், பீரங்கிப் படத்தைக் கண்டு உவக்கும் மனம் எமக்கு வாய்த்ததில்லை. ஆயினும், வினவும் மாணவனுக்கு விடை மறுத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. கேட்டவன் போரை விரும்பிக் கேட்கவில்லை. இயல்வதா என்று அறிய விரும்பியே கேட்டான். அவ்வினாவுக்கு முழு விடை கூற எமக்கு மூன்று பாடவேளைகள் வேண்டியிருந்தன.

முதற் பாடவேளையில் செய்முறை. மை தீர்ந்த பேனாவின் குழலைச் சுற்றி மெருகிட்ட செப்புக் கம்பியை நூற்றுக்கணக்கான சுற்றுச் சுற்றினோம். லொறிச் சாரதி ஒருவர் மனமுவந்து தந்த பழைய பற்றரியின் முனைகளில் அதனைக் கணநேரம் தொடுத்தோம். குழலின் வாயில் வைத்த தலையற்ற ஆணி உள்ளே பாய்ந்து, மறுபுறம் வெளியேறி, மேசை விளிம்பைக் கடந்து வீழ்ந்தது. வகுப்பறை ஆரவாரித்தது. சற்று அதிகநேரம் தொடுத்தபோது ஆணி வெளியேறாது சுருளின் நடுவே நின்றுவிட்டது. இழுத்த காந்தமே மீண்டும் பிடித்து நிறுத்துகின்றது. உரிய கணத்தில் மின்னை அறுத்தல் வேண்டும் என்பதை மாணவர் தாமே உணர்ந்தனர். கம்பியைத் தொட்ட ஒருவன் விரலைச் சட்டென இழுத்துக்கொண்டான், அது சுட்டது. பெரும் பீரங்கிகளை இடர்ப்படுத்திய சிக்கல்கள் சில, எம் சிறு பேனாக் குழலிலேயே தலைகாட்டிவிட்டன.

இரண்டாம் பாடவேளையில் கணக்கு. பத்துக் கிலோ எடையுள்ள எறிபொருள் ஒன்று செக்கனுக்கு 2,500 மீற்றர் வேகத்துடன் புறப்படுவதாகக் கொண்டோம். அட்டனிலிருந்து கொழும்புக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். காற்றின் தடை இல்லையாயின், அரை நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் அது அத்தொலைவைக் கடக்கும். மலையேறும் புகையிரதத்திற் பகற்பொழுதிற் பாதியைக் கழித்துப் பழகிய மாணவர்க்கு இது வியப்பாயிருந்தது.

அடுத்து, நியூற்றனின் மூன்றாம் விதி. எறிபொருள் முன்னே பாயின் லொறி பின்னே தள்ளப்படும். பத்தாயிரம் கிலோ எடையுள்ள லொறியாயின், அது செக்கனுக்கு இரண்டரை மீற்றர், அதாவது மணிக்கு 9 கிலோமீற்றர் வேகத்துடன் பின்வாங்கும். சமவெளியில் இது பெரிதன்று. நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியாவுக்குச் செல்லும் வீதியின் வளைவொன்றில் நின்று சுட்டால், பகைவன் கோட்டை தகர்கின்றதோ இல்லையோ, லொறி பள்ளத்தில் இறங்கிவிடும். வகுப்பு நகைத்தது. வரைந்தவனும் நகைத்தான்.

பின்னர் ஆற்றலைக் கணித்தோம். எறிபொருளின் இயக்க ஆற்றல் 31,250,000 யூல். வீட்டு மின்பட்டியலில் அலகு என்று குறிப்பது 3,600,000 யூல் ஆதலின், ஒரு சூட்டின் ஆற்றல் ஒன்பது அலகுக்கும் குறைவு. சிறு குடும்பம் ஒன்று சில நாட்களிற் செலவிடும் மின்சாரம் அவ்வளவே. இத்துணை சிறிதா என்று மாணவர் வியந்தனர். ஆனால் அவ்வாற்றலை எத்துணை விரைவாகக் கொடுத்தல் வேண்டும் என்பதே சிக்கல். பத்து மீற்றர் நீளமுள்ள குழலை எறிபொருள் ஆயிரத்தில் எட்டுப் பங்கு செக்கனிற் கடந்துவிடும். அக்கணப்பொழுதில் வேண்டப்படும் வலு ஏறத்தாழ 3,900 மெகாவாற்று. அவ்வாண்டில் இலங்கை முழுவதன் உச்ச மின்தேவையோ 2,000 மெகாவாற்றைச் சற்றே கடந்திருந்தது. நீர்த்தாங்கியை மெல்ல மெல்ல நிரப்பி ஒரே கணத்திற் கவிழ்த்தல் போல, கொள்ளளவிகளில் மின்னைச் சேர்த்து ஒரே கணத்தில் விடுவிப்பதன்றி வேறு வழியில்லை.

மெய்யான பீரங்கிகளின் நிலையும் இக்கணக்குக்கு உட்பட்டதே. 2010ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் கடற்படையினர் டால்கிறென் என்னுமிடத்தில் 33 மெகாயூல் ஆற்றலுடன் தண்டவாளப் பீரங்கி ஒன்றைச் சுட்டுக் காட்டினர். அதற்கு வேண்டிய கொள்ளளவிகள் ஒரு கட்டடத்தை நிறைத்திருந்தன. எட்டுச் சில்லு வண்டியில் அவை அடங்குவதெங்ஙனம்? இன்னும், மின்னோட்டம் பல இலட்சம் அம்பியர் ஆகுங்கால் தண்டவாளங்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். உராய்வாலும் மின்வில்லாலும் உலோகம் உருகித் தேயும். பல்லாண்டு உழைத்தபின் 2021இல் அமெரிக்கக் கடற்படை அம்முயற்சியைக் கைவிட்டது. ஜப்பானியர் விடவில்லை, 2023 ஒக்ரோபரில் கப்பலொன்றிலிருந்து கடலிற் சுட்டதாக அறிவித்தனர். இந்தியாவில் புனே நகரிலுள்ள படைக்கல ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் முயன்றுள்ளது. ஆயினும், கதையில் வருவது போல வண்டியேறி மலைச்சாரலில் உலாவும் மின்காந்தப் பீரங்கி இன்றும் கதைக்கே உரியது.

கதை என்றவுடன், இலங்கையைத் தம் இல்லமாக்கிக்கொண்ட ஆதர் சி. கிளார்க் அவர்களை நினையாதிருத்தல் இயலாது. 1956 முதல் 2008இல் மறையும்வரை இத்தீவிலேயே வாழ்ந்த அவர், இங்கு வருமுன்னரே, 1950இல், சந்திரனிலிருந்து பொருள்களை மின்காந்த விசையால் விண்ணுக்கு ஏவுவது பற்றி விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வரைந்தார். காற்றற்ற சந்திரனில் நீண்ட பாதையிற் படிப்படியாக வேகமூட்டின், எரிபொருட் செலவின்றிப் பாரம் அனுப்பலாம் என்பது அவர் கருத்து. 1955இல் வெளிவந்த அவருடைய 'ஏர்த்லைட்' என்னும் நாவலிலோ, பெரும் மின்காந்தங்களால் உருகிய உலோகத்தைப் பீறிட்டெறியும் போர்க்கருவி ஒன்று வருகின்றது. ஒரே விசை, ஒரே ஆசிரியர், ஓரிடத்திற் பாரம் சுமக்கும் கூலியாகவும், மற்றோரிடத்தில் உயிர் பறிக்கும் கூற்றாகவும் அது தோன்றுகின்றது. 1979இல் வந்த 'சொர்க்கத்தின் நீரூற்றுக்கள்' என்னும் பொருள்படும் நாவலில், எம் பாடசாலை முற்றத்திலிருந்து தெளிந்த காலையிற் காணத்தகும் சிவனொளிபாத மலையை வேறு பெயரில் அமைத்து, அங்கிருந்து விண்ணுக்கு ஏணி கட்டினார். தம் மலை உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானக் கதையொன்றில் இடம்பெற்ற செய்தியைக் கேட்டு, மாணவர் சன்னல் வழியே எட்டிப் பார்த்தனர்.

மூன்றாம் பாடவேளையில் யாம் கூறிய வரலாறே இக்கட்டுரையின் உயிர்நிலை. அது நோர்வே நாட்டுப் பேராசிரியர் கிறிஸ்தியான் பேர்க்லாண்ட் என்பாரது வரலாறு. 1867இற் பிறந்த அவர் வடதுருவ வானில் தோன்றும் ஒளித்திரையின் காரணத்தை ஆராய்ந்தவர். ஞாயிற்றிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களைப் புவியின் காந்தம் துருவங்களை நோக்கி வழிப்படுத்துதலே அதன் காரணம் என அவர் கருதினார். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். பனிமலைகளில் அவதான நிலையங்கள் அமைக்கவேண்டும். பணம் ஈட்டும் வழியாக அவர் கண்டதே மின்காந்தப் பீரங்கி. 1901இல் அதற்குக் காப்புரிமை பெற்று, நிறுவனமொன்றையும் தொடக்கினார்.

1903ஆம் ஆண்டிலே பல்கலைக்கழக மண்டபத்தில், பெருமக்கள் பலர் கூடிய அவையில், பீரங்கியைச் சுட்டுக் காட்ட முற்பட்டார். விசை அழுத்தப்பட்டது. குறுஞ்சுற்று ஏற்பட்டுப் பேரொலியுடன் மின்வில் ஒன்று பளீரென எழுந்தது. அவையோர் அஞ்சி எழுந்து ஓடினர். அப்பீரங்கியின் வணிக வாழ்வு அன்றோடு முடிந்ததென்க. ஆனால் அம்மின்வில்லை அவர் மறந்தாரல்லர். அக்காலத்திலேயே விருந்தொன்றில் சாம் ஐடே என்னும் பொறியியலாளரைச் சந்தித்தார். ஐடே தேடிக்கொண்டிருந்தது வலிய மின்வில் ஒன்று. காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து உரமாக்க அது வேண்டியிருந்தது. பேர்க்லாண்டிடம் அது இருந்தது.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். பயிர்கள் அதனுள் மூழ்கியிருந்தும் உண்ணமாட்டா. கடல் நடுவே நின்று குடிநீருக்கு ஏங்குவார் போல்வன. நைதரசனின் இணைபிரியா அணுச்சோடிகளைப் பிரித்தாலன்றிப் பயிருக்குப் பயனில்லை. மூவாயிரம் பாகை வெப்பமுள்ள மின்வில்லிற் காற்றைச் செலுத்தினால், நைதரசன் ஒட்சிசனோடு கூடும். அதனை விரைவிற் குளிர்வித்து, நீருடன் சேர்த்து அமிலமாக்கி, சுண்ணக்கல்லுடன் சேர்த்தால் கல்சியம் நைத்திரேற்று என்னும் உரம் கிட்டும். மெல்லிய மின்வில்லைப் பெரிய தட்டாக விரித்தற்குப் பேர்க்லாண்ட் வலிய காந்தம் ஒன்றைப் பயன்படுத்தினார். பீரங்கியில் எறிபொருளைத் தள்ள முயன்ற அதே மூன்று விரல்களின் விசை, இங்கே நெருப்பை விரித்தது. 1905இல் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் எழுந்தது. நோட்டொடன், ரியூக்கன் என்னும் ஊர்களில் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின் பிறந்தது. அம்மின்னிலிருந்தும் காற்றிலிருந்தும் உரம் பிறந்தது.

அம்முறை பெருமளவு மின்னை விழுங்கியது. ஜேர்மனியில் 1913 முதல் நடைமுறைக்கு வந்த ஏபர், பொஷ் என்பாரது அமோனியா முறை அதனினும் சிக்கனமானதாதலின், 1920களின் இறுதியில் நோர்வே நிறுவனமும் அதற்கு மாறிற்று. பேர்க்லாண்ட் 1917இல் ரோக்கியோ நகரில் காலமானார். நைதரசனை வசப்படுத்திய மனிதர் அதனை உரத்திற்கு மட்டும் பயன்படுத்தினர் என்று கூறின் அது பொய்யாகும்; வெடிமருந்துக்கும் அதுவே மூலம். முதல் உலகப் போரில் இரண்டும் ஒரே ஆலையிலிருந்து புறப்பட்டதுண்டு. பீரங்கி உரமாகலாம், உரமும் பீரங்கிக்கு உணவாகலாம். எதுவாக வேண்டும் என்பதை விசை தீர்மானிப்பதில்லை.

தேயிலை நாட்டு மாணவர்க்கு இவ்வரலாறு அயலார் கதையன்று. தேயிலை கனிக்காகவோ விதைக்காகவோ பயிரிடப்படுவதன்று, இலைக்காகவே பயிரிடப்படுவது. வாரந்தோறும் கொழுந்தைக் கிள்ளுந்தோறும் மண்ணின் நைதரசனையும் கிள்ளுகின்றோம். காய்ந்த தேயிலையின் எடையில் ஏறக்குறைய நூற்றில் நான்கு பங்கு நைதரசன். உற்சாகம் தரும் கஃபீனின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு நைதரசன் அணுக்கள் உள. இவ்வாறு கூடையேறிச் சென்றதை மண்ணுக்கு மீட்டுக் கொடுத்தாலன்றி மலை மீண்டும் தளிர்க்காது. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் பல்லாண்டாக ஆய்ந்து உரத்தின் அளவும் காலமும் வகுத்துவந்தது இதன்பொருட்டே.

யாம் ஓய்வுபெற்ற பின்னர், இப்பாடம் பாடப்புத்தகத்தை விட்டு வெளியே நடந்து வந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. ஆனால் மண்ணின் கணக்கு அரசிதழின் நாட்கணக்கைப் பின்பற்றுவதில்லை. தடை நீங்கிய பின்னும் உரத்தின் விலை எட்டாத உயரத்தில் நின்றது; எரிபொருட் பஞ்சமும் கூடிற்று. 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாயிருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 250 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது. இவை பெரிய எண்கள். பத்திரிகையிற் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டலாம். மலையிலோ அதன் பொருள் வேறு. கொழுந்து மெலிந்தால் அதே கூடையை நிறைக்க அதிக தூரம் ஏறவேண்டும். குறித்த கிலோ நிறையாதவளுக்கு அன்று அரைப்பேர். முன்னைய மாணவி ஒருத்தியின் தாயார் எம்மைச் சந்தித்தபோது, "மல பூரா மஞ்சளா போச்சுங்க சேர்" என்றார். இலை மஞ்சளாதல் நைதரசன் குறைவின் அறிகுறி என்று எம் குறிப்பேட்டில் ஒரு வரியாக இருந்தது, அவர் வாய்மொழியில் ஒரு குடும்பத்தின் இராச்சோற்றுக் கணக்காக ஒலித்தது.

அம்மூன்றாம் பாடவேளையின் இறுதியில், லொறியை வரைந்த மாணவன் எழுந்து மற்றொரு வினாவைத் தொடுத்தான். "அவ்வளவு கரண்டு எங்கயிருந்துங்க சேர் வரும்?" கதையாசிரியர் விடுத்துச் செல்லும் வினா அது. யாம் சன்னலுக்கு வெளியே கைகாட்டினோம். ஏனெனில், இத்தீவின் மின் பெருமளவு பிறந்த இடமே அது. நுவரெலியாவில் 1912இலேயே சிறு நீர்மின் நிலையம் அமைத்த பொறியியலாளர் விமலசுரேந்திர, 1918இல் களனி கங்கையின் கிளையாறுகளிலிருந்து மின் பெறும் திட்டத்தை அறிஞர் அவையில் முன்வைத்தார். பல தடைகளுக்குப் பின்னர் 1950இல் லக்ஷபான நிலையத்தின் முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது. 1960களிற் காசல்றி, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. மவுசாக்கலை நீருக்குள் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் வற்றுங்கால் பழைய கோயிலின் கற்கள் இன்றும் தலைகாட்டும். இம்மலைகளின் மழைநீர் கொழும்பு மாநகரின் விளக்குக்களை ஏற்றியது, ஆலைகளை ஓட்டியது.

மறுநாட் காலையில் அம்மாணவன் ஒரு தாளை எம் மேசைமீது வைத்தான். யாம் பணிக்காத கணக்கு அது. ஒரு சூட்டின் ஆற்றல் 8.68 அலகு. பத்து வாற்றுச் சிக்கன விளக்கு ஒன்று அதனைக் கொண்டு 868 மணிநேரம் எரியும். இரவுக்கு நான்கு மணிநேரம் படித்தால் 217 இரவுகள். பாடசாலை நடைபெறும் நாட்கள் ஓராண்டில் ஏறக்குறைய அத்துணையே. அதன்கீழ் அவன் ஒரே வரி எழுதியிருந்தான்: "எங்கள் லயத்துக்கு இன்னும் கரண்டு வரவில்லை."

லக்ஷபான இயங்கத் தொடங்கி அப்போது அறுபத்தோராண்டு. மின்கம்பிகள் அவன் தோட்டத்து மலைகளின் மேலாகவே சென்றன. காற்று வீசாத இரவுகளில் அவற்றின் முரலொலி லயத்தில் கேட்கும் என்று அவன் கூறினான். தொழிற்சாலையில் மின் இருந்தது. துரை பங்களாவில் இருந்தது. அவன் தாய் அந்தியிற் கூடையிறக்கி வந்து ஏற்றியது மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு. அதன் புகையிலிருந்தே அவன் நியூற்றனின் விதிகளைக் கற்றான். உண்மைப் பீரங்கி விழுங்கும் மின் அவன் கணித்ததைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும் என்று யாம் திருத்தம் கூறியிருக்கலாம். கூறவில்லை. அத்தாளில் திருத்தம் வேண்டியது கணக்கு அன்று.

யாம் அத்தாளைப் பிரதியெடுத்து, பெற்றோர் சிலரின் விண்ணப்பத்துடன் இணைத்து, உரியோர்க்கு அனுப்பினோம். முதல் மடலுக்கு மறுமொழி இல்லை. மூன்றாவதற்குப் பின் அளவையாளர் வந்தனர். எம் மடலால் வந்தனரோ, தோட்டங்களுக்கு மின்னூட்டும் பணி அக்காலத்தில் விரிந்துகொண்டிருந்தமையால் வந்தனரோ, அதனை ஆராய்தல் வேண்டா. 2013 தைப்பொங்கலுக்கு முன்னர் அந்த லயத்தில் விளக்கு எரிந்தது. உயர்தரப் பரீட்சையை அம்மாணவன் அதற்கு முன்பே, குப்பி விளக்கில் படித்தே எழுதி முடித்திருந்தான். அவ்விளக்கில் முதற் படித்தவள் அவன் தங்கை.

அவன் இன்று தேயிலைத் தொழிற்சாலையொன்றில் மின்வினைஞன். அங்கே உருளைப் பொறிகளிலிருந்து தேய்ந்து விழும் இரும்புத் துகள்கள் தேயிலையிற் கலவாதவாறு காந்தங்கள் பிடித்து நிறுத்துகின்றன. உராய்வால் மின்னேற்றம் பெற்ற உருளைகள் தும்பையும் காம்பையும் தம்பால் இழுத்துப் பிரிக்கின்றன. அவற்றைப் பேணுதல் அவன் கடன். சென்ற ஆண்டு எம்மை அழைத்துச் சென்று காட்டினான். காந்தத் தட்டைத் துடைத்து, கருநிறத் துகளை விரலில் எடுத்து, "நம்ம பீரங்கி, சேர்" என்று நகைத்தான்.

நம் கல்லூரியின் இளம் மாணவர்க்கு யாம் கூற விழைவது இது. விஞ்ஞானக் கற்பனைகளை விரும்பிப் படியுங்கள், பாருங்கள், அவற்றைத் தடுக்கும் முதியோருடன் யாம் சேர்ந்தவரல்லோம். எட்டுச் சில்லு வண்டியும் நீலவொளிப் பீரங்கியும் உங்கள் குறிப்பேட்டின் பின்னட்டையில் தாராளமாக இடம்பெறட்டும். ஆனால் விசையை அழுத்தும் கையோடு நின்றுவிடாதீர். பென்சிலை எடுத்துக் கணக்கிடுங்கள். இவ்வாற்றல் எந்த ஆற்றிலிருந்து வந்தது, யாருடைய மலைமேல் வந்தது, யாருடைய கூரையைத் தாண்டிச் சென்றது என்று வினவுங்கள். அவ்வினா எழுமாயின், பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் விரித்துக் காட்டிய எம் ஆசான்களின் உழைப்பு வீண்போகவில்லை என்று கொள்வோம்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் கல்லூரி ஆய்வுகூடத்தில் இன்று பல புதிய கருவிகள் உள எனக் கேட்டு மகிழ்கின்றோம். மலைநாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் ஒரு செப்புச் சுருளும் ஒரு திசையறி ஊசியும் இன்னும் அரும்பொருள்களே. விழா ஆண்டின் நற்பணிகளுள் ஒன்றாக, பழைய மாணவர் சங்கத்தார் அத்தகைய பாடசாலை ஒன்றுக்கேனும் மின்காந்தச் செய்முறைப் பேழை ஒன்றை அனுப்புவாராயின், கம்பி சுற்றித் தர இம்முதிய கைகள் இன்னும் ஆயத்தமாயுள்ளன.

வாழ்க நம் கல்லூரி. வளர்க அதன் கல்விப் பணி.